அக்கா செய்த அம்பிளிபயர்கள்

அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்துடன் ஓராண்டு நிறைகிறது. அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்கான திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும். இதில் ஒரு கட்டுரையை நான் எழுத வேண்டும் என்று அம்மா கேட்டபோது வேறு யாரிடமாவது கொடுக்கும்படி சொன்னேன். இரண்டாம் முறையும் மறுத்தேன். மூன்றாம் முறை அம்மா என்னை நேராகப் பார்த்து, "நீ எழுதாட்டி ஆர் எழுதுறது? அவளோடை கடைசி மட்டும் கூட இருந்தவன் நீதானே" என்றார். நான் தயங்கியதற்குக் காரணமும் அதுதான்.

இதை வாசிக்கும் உங்களில் பலர், குருநகரில் கிற்றார் அம்பிளிபயர் செய்து விற்கும் ஆள் நான் என்றுதான் அறிந்திருப்பீர்கள். அப்படி உங்களை நம்ப வைத்தவன் நான். எட்டு வருடங்களில் எங்கள் வீட்டிலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட அம்பிளிபயர்கள் வெளியே போயின. அவற்றில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. அத்தனையையும் செய்தவர் அக்கா. முன்பக்கத் தகட்டில் பொறித்திருப்பது என்னுடைய பெயர். இதை முதலில் சொல்லாமல் அவருடைய வாழ்க்கையை எழுதத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பிறந்தது குருநகரில். அப்பா கடற்றொழில் செய்தவர். அக்கா மூத்தவர், நான் அவருக்கு ஏழு வயது இளையவன். எங்களுக்கு இடையில் பிறந்த ஒரு குழந்தை தங்கவில்லை. அதனாலோ என்னவோ, அக்கா என்னைத் தூக்கிக்கொண்டே வளர்ந்தார் என்று அம்மா சொல்வார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடத்தில்தான் யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்தது. நாங்கள் நடந்து போய்க் கொடிகாமத்தில், அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் தென்னங்காணியில் கொட்டில் போட்டு இருந்தோம்.

அப்பா வீட்டிலிருந்து எடுத்து வந்த சாமான்களில் ஒரு ரேடியோவும் இருந்தது. மின்சாரம் இல்லை, பற்றறியும் கிடைக்காத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் கரண்டில் ரேடியோ பாடும். ஒருநாள் அது வாயை மூடிக்கொண்டது. திருத்துவதற்கு ஆளில்லை. அக்கா மீன் வெட்டும் கத்தியின் முனையால் அதன் முதுகைத் திறந்தார். உள்ளே ஒட்டியிருந்த வரைபடத்தை ஒரு கொப்பியில் பார்த்து வரைந்துகொண்டு, இரண்டு நாட்கள் அதையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாம் நாள் சிரட்டைக் கரியில் ஒரு தடித்த செப்புக் கம்பியைக் காய்ச்சி எடுத்து, விட்டுப்போன ஒரு கம்பியை ஈயம் வைத்துப் பிடித்தார். ரேடியோ பாடியது. அப்பா பக்கத்துக் கொட்டிலில் இருந்தவரைக் கூட்டி வந்து, "என்ரை பிள்ளை செய்தது" என்று மட்டும் சொன்னார். அடுத்தடுத்த வாரங்களில் ஏழெட்டு ரேடியோக்கள் எங்கள் கொட்டில் வாசலுக்கு வந்தன. அக்கா கைக்கூலியாகக் கேட்டது, அவர்களிடம் கிடந்த உடைந்த ரேடியோக்களின் உதிரிச் சாமான்களை மட்டும்தான்.

ஊருக்குத் திரும்பி வந்த மூன்றாம் வருடம் அப்பா நெஞ்சு வலியில் காலமானார். அக்கா அதோடு படிப்பை விட்டுவிட்டு, யாழ்ப்பாணம் நகரில் ரேடியோ, தொலைக்காட்சி திருத்தும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். என்னுடைய முதல் கிற்றாரும் அதில்தான் வந்தது. கடையின் முன்னால் முதலாளி இருந்து வாடிக்கையாளருடன் கதைப்பார். அக்கா பின்னறையில் இருந்து திருத்துவார். உள்ளே ஒரு பெண் இருப்பதே வந்து போகிற சனத்துக்குத் தெரியாது. அந்த முதலாளி அக்காவை ஒளித்து வைத்துப் பெயர் எடுக்கிறார் என்று நான் கோபத்தோடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அக்காவின் காதுபடவும் சொல்லியிருக்கிறேன்.

அக்கா திருமணம் செய்யவில்லை. அதற்கு உறவினர்கள் பல காரணங்கள் சொன்னார்கள். தம்பிக்காக இருந்துவிட்டாள் என்றும் சொன்னார்கள். உண்மை அப்படி அல்ல. இரண்டு சம்பந்தங்கள் வந்தன, இரண்டையும் அவர் வேண்டாம் என்றார். "எனக்கு உதிலை விருப்பமில்லை அம்மா. இருந்தாச் சொல்லுவன்தானே" என்றார். அவருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பது எப்போதும் தெளிவாகத் தெரிந்திருந்தது. வேண்டியதைக் கேட்பதில்தான் அவர் பின்னுக்கு நின்றார்.

நான் கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்து, பிறகு கலியாண வீடுகளிலும் திருநாள் மேடைகளிலும் வாசிக்கும் ஒரு இசைக்குழுவில் சேர்ந்தேன். ஒரு கலியாண மண்டபத்தில் கரண்ட் ஏறி இறங்கியதில் என் அம்பிளிபயர் எரிந்துபோனது. அந்த நேரம் அக்கா வேலை செய்த கடை கைத்தொலைபேசிக் கடையாக மாறி, அவர் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். என் அம்பிளிபயரைத் திறந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"உள்ளுக்கை எல்லாம் மலிவுச் சாமான் தம்பி. இதைத் திருத்துறதிலும் பாக்க நானே ஒண்டு செய்து பாக்கட்டோ?"

"கிற்றாருக்கோ? ஏலுமோ உங்களாலை?"

"ரேடியோவும் இதும் ஒண்டுதான். சத்தத்தைப் பெரிசாக்கிறதுதானே. ஆனா என்ன மாதிரிப் பெரிசாக்கிறது எண்டதிலைதான் விசயம் கிடக்கு."

நான்கு மாதம் எடுத்தது. பழைய வால்வு ரேடியோக்களிலிருந்து, குமிழ் போல எரியும் அந்தக் கண்ணாடி வால்வுகளை எடுத்தார். ட்ரான்ஸ்போமரைக் கையாலேயே சுற்றினார். அம்மாவின் தையல் மெசினின் சில்லைக் கழற்றி அதற்கு ஒரு சுற்றுக் கருவி செய்துகொண்டார். தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்ற வேண்டும். சுற்றும்போது வாய்விட்டு எண்ணுவார். அந்த நேரம் வீட்டில் யாரும் அவருடன் கதைக்கக் கூடாது. கணக்குத் தவறினால் முழுவதையும் அவிழ்த்து முதலிலிருந்து சுற்றுவார். குறிப்பு எழுதி வைக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். எண்ணிக்கொண்டே போனால்தான் கம்பியின் இழுவை கைக்கு ஒரே சீராக இருக்கும் என்றார்.

பெட்டியை எங்கள் கோயில் பங்கிலுள்ள ஒரு தச்சர் பழைய கட்டில் பலகையில் அடித்துக் கொடுத்தார். முதல் நாள் கிற்றாரைக் கொழுவி ஒரே ஒரு தந்தியைத் தட்டினேன். அந்த ஒலியை என்னால் எழுத்தில் சொல்ல முடியாது. அதுவரை நான் வாசித்தது என் கிற்றாரை அல்ல, அதற்கு மேல் போட்டிருந்த ஏதோ ஒரு துணியை என்பது போல இருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இன்னொருக்கா. மெல்லமாத் தட்டு. இப்ப பலமா" என்றார். அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. "எனக்கு வாசிக்கத் தெரியாது. பிழை தெரியும்" என்பார்.

அந்த அம்பிளிபயரோடு நான் ஏறிய இரண்டாவது மேடையில், வட்டுக்கோட்டையைச் சேர்ந்த ஒரு கிற்றார்க்காரர் என்னிடம் வந்தார். வேறு குழுவில் வாசிப்பவர், என்னைவிட நன்றாக வாசிப்பவர்.

"உதை எங்கை எடுத்தனீர்?"

"வீட்டிலை செய்தது."

"நீரே செய்தனீர்?"

"ஓம்" என்றேன்.

என் குற்றம் முழுவதும் அந்த ஒற்றைச் சொல்லில்தான் தொடங்கியது. பெண் செய்தது என்றால் வாங்க மாட்டார் என்று பயந்ததாகப் பிற்காலத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கணத்தில் எனக்கு அப்படி ஒரு யோசனையும் வரவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அக்காவிடம், "அவர் நான் செய்ததெண்டு நினைச்சிட்டார்" என்றேன். அக்கா வேலையிலிருந்து நிமிராமல், "நினைச்சா நினைக்கட்டும். அவருக்கும் ஒண்டு வேணுமாமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "பிறகென்ன" என்றார். அந்தப் 'பிறகென்ன'வை எட்டு வருடம் எனக்கு அனுமதியாக வைத்துக்கொண்டேன். அவர் தானாக நினைக்கவில்லை, நான்தான் சொன்னேன் என்பதை அக்காவிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

ஆறேழு பேர் கேட்டு வந்ததும் தொழிலைப் பதிவு செய்வது என்று முடிவெடுத்தோம். பிரதேச செயலகத்தில் படிவம் எடுத்து வந்து, குசினி மேசையில் வைத்து நிரப்பினேன். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை பேரும் போடலாமோ தம்பி?" என்றார்.

"ரெண்டு பேர் எண்டால் கரைச்சல் அக்கா. வேறை படிவம் எடுக்க வேணும். பிறகு சேர்ப்பம்."

"சரி, சரி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். தனக்கென்று அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். திரும்பக் கேட்கவில்லை. வேறு படிவம் எடுப்பதற்கு நான் ஒருநாள் பிரதேச செயலகம் வரை போயிருந்தால் போதும்.

முன்னறையை வேலைத்தலம் போல ஒழுங்குபடுத்தினேன். மேசை, விளக்கு, சுவரில் வரைபடங்கள். வாடிக்கையாளர் வரும்போது நான் அங்கே இருப்பேன். உண்மையான வேலை பின்னறையில் நடந்தது. அந்த அறையின் யன்னல் ஒழுங்கையைப் பார்த்தது. ஒழுங்கையால் போகிறவர்கள் உள்ளே அக்கா வேலை செய்வதைக் காணக் கூடாது என்று அந்த யன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். தூசி வருகிறது என்று அக்காவிடம் சொன்னேன். யாராவது நுணுக்கமாகக் கேள்வி கேட்டால், தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிப் பின்னறைக்குப் போய் அக்காவிடம் கேட்டு வந்து பதில் சொல்வேன். எனக்கு அடிக்கடி தாகம் எடுக்கிறது என்று ஒருவர் நீரிழிவுப் பரிசோதனை செய்து பார்க்கச் சொன்னார். அதைச் சொல்லி அக்காவும் நானும் சிரித்தோம். அக்கா உண்மையாகவே சிரித்தார். அதை நினைத்தால் இப்போது இன்னும் கூடுதலாக நோகிறது.

அக்கா ஒரு அம்பிளிபயரை இன்னொன்றைப் போலச் செய்ததில்லை. "வாங்குறவர் எப்பிடி ஆள்? அடிச்சு வாசிக்கிறவரோ, தடவி வாசிக்கிறவரோ? கோயிலுக்குள்ளையோ, வெளி மைதானத்திலையோ?" என்று என்னைத் துருவித் துருவிக் கேட்பார். நீர்வேலியிலிருந்து ஒரு வாழைத்தோட்டக்காரர் வந்தார். ஐம்பது வயது கடந்தவர், மேடைக்கு ஏறாதவர். தோட்டத்தால் வந்து குளித்துவிட்டுத் தனக்காக மட்டும் வாசிப்பவர். அவர் வாசிப்பதை என்னைப் பதிவு செய்து வரச் சொல்லி, அதை அக்கா பலமுறை கேட்டார். "இந்தாளுக்குச் சத்தம் தேவையில்லை. பக்கத்திலை ஒராள் இருக்கிற மாதிரி இருந்தாக் காணும்" என்று சொல்லி, ஒரு கைப்பெட்டி அளவில் சிறிய அம்பிளிபயர் ஒன்றைத் தொடங்கினார்.

வேலை எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்கத் தோட்டக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வந்துவிட்டார். நான் முன்னறையில் இருந்தேன். பின்னறையில் அக்கா அவருடைய ட்ரான்ஸ்போமரைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார். திரைச்சீலைக்கு அப்பால் அக்கா எண்ணுவது, சொல் விளங்காமல், ஒரே தாளத்தில் கேட்டது.

"உள்ளுக்கை ஆர்?" என்று தோட்டக்காரர் கேட்டார்.

"அக்கா. செபமாலை சொல்லுறா" என்றேன்.

சைவக்காரரான அவர் மரியாதையோடு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதே நேரம் உள்ளே எண்ணும் குரல் நின்றுபோனது. அவர் போகும் வரை அது மறுபடி தொடங்கவில்லை. நான் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தபோது அக்கா சுற்றிய கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். அவர் அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி, பொய் சொல்லுறதெண்டாச் சொல்லு. செபமாலையை அதுக்குள்ளை இழுக்காதை."

எட்டு வருடத்தில் இந்த விடயத்தில் அவர் என்னைக் கண்டித்துச் சொன்ன வார்த்தை அது மட்டும்தான்.

பிறகு ஒருமுறை, தொழில்நுட்பம் கற்பிக்கும் ஒரு நிறுவனம் மாணவர்களுக்கு விளக்கம் அளிக்க என்னை அழைத்தது. அக்கா பல நாட்கள் இருந்து பெரிய தாள்களில் வரைபடங்கள் வரைந்தார். வால்வு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்படி எழுதினார். அன்று காலையில் வாடகை வானில் அம்பிளிபயர்களை ஏற்றிவிட்டு நான் வெளிக்கிட்டு வந்தபோது அவர் திருநாளுக்கு உடுக்கும் சேலையை உடுத்து, செருப்பையும் போட்டுக்கொண்டு முன்னறையில் இருந்தார்.

"நானும் வந்து ஒரு மூலையிலை இருக்கிறன். பெடியள் ஏதும் கேட்டா உனக்கு உதவியா இருக்கும்" என்றார்.

"வானுக்குள்ளை இடமில்லை அக்கா. அம்பிளிபயர் ரெண்டும் சீற்றிலை ஏத்தினது" என்றேன்.

வானில் இடம் இருந்தது. அவர் வாசல் வரை வந்து எனக்குத் தாள்களைச் சுருட்டித் தந்தார். உள்ளே இடம் இருந்ததை அவர் கண்டிருப்பார், வானின் கதவு திறந்துதான் கிடந்தது. அவருடைய எழுத்தை நான் மாணவர்களுக்கு முன்னால் வாசித்தேன். கைதட்டினார்கள். சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரமும் தந்தார்கள். அதை முன்னறைச் சுவரில் மாட்டுவதற்கு ஆணி அடித்துத் தந்தவர் அக்கா.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு இருமல் தொடங்கியது. தூசி என்றார், பனிக்காலம் என்றார். நானும் என் மனைவியும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது சுவாசப்பை பழுதாகிவிட்டது என்றார்கள். ஈயப் புகையாலா என்று வைத்தியரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். அது இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வந்ததும் பின்னறை யன்னலில் அடித்த பலகையைப் பிடுங்கி எறிந்தேன். அக்கா, "அட, நல்ல காத்து வருது" என்றார்.

கடைசியாக அவர் ஆஸ்பத்திரி விடுதியில் இருந்த நாட்களில், எங்களிடம் முதன்முதலில் அம்பிளிபயர் வாங்கிய வட்டுக்கோட்டைக் கிற்றார்க்கார நண்பர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது பெரிதாக இரைந்தது. அன்று மாலையே அவருக்கு மேடை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். எட்டு வருடம் செய்த ஆள் முடியாது என்று எப்படிச் சொல்வது? அவரை முன்னறையில் இருத்திவிட்டு, அம்பிளிபயரோடு பின்னறைக்குப் போய் அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். மூக்கில் ஒட்சிசன் குழாயோடு அக்கா கதைத்தார். ஒரு வசனத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

"போனை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடி. ம். முனகுது. கத்தேல்லை. அப்ப வால்வு இல்லை, கொண்டென்சர். பிளக்கைக் கழட்டு."

"கழட்டிட்டன். திறக்கட்டோ?"

"பொறு, பொறு. பிளக்கைக் கழட்டினாலும் உள்ளுக்கை கரண்ட் நிக்கும், ஆளைக் கொல்லும். என்ரை மேசையிலை சிவப்பு வயர் போட்ட கட்டை ஒண்டு கிடக்கு. முதல்லை அதாலை தொட்டுக் கரண்டை இறக்கு. ஒரு கையாலை செய். மற்றக் கையைச் சட்டைப் பொக்கற்றுக்குள்ளை வை. வைச்சிட்டியோ?"

"வைச்சிட்டன்."

"வைச்சிட்டியெண்டு எனக்குச் சொல்லு."

"வைச்சிட்டன் அக்கா."

போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கியபடியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. இடையில் தாதி ஒருவர் அவரை ஏசுவது கேட்டது. "என்ரை தம்பி. கரண்டுக்குள்ளை கை வைச்சிருக்கிறான்" என்று அக்கா அவரிடம் சொன்னார். பழுதான கொண்டென்சரை மாற்றியதும் இரைச்சல் நின்றது. போனை அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அம்பிளிபயரை முன்னறைக்குத் தூக்கி வந்தேன். நண்பர் வாசித்துப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார்.

"இந்த யாழ்ப்பாணத்திலை உம்மை விட்டா இதுக்கு ஆளில்லை" என்றார்.

நான் சிரித்தேன். அதன் பிறகுதான் சட்டைப் பையில் போன் இருப்பது நினைவுக்கு வந்தது. எடுத்துப் பார்த்தபோது அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. அந்த வார்த்தைக்கு முன்னரா, பின்னரா அவர் துண்டித்தார் என்று எனக்குத் தெரியாது. பின்னேரம் விடுதிக்குப் போனபோது, "சரி வந்திட்டுதோ?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பின் பதினொரு நாட்கள்தான் இருந்தார். எங்கள் பங்குச் சுவாமி வந்து, சாகும் தறுவாயில் கொடுக்கும் நோயில்பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, நான் அவருடைய கட்டிலில் இருந்து, "அக்கா, நான் உங்களுக்குச் செய்த பிழை..." என்று தொடங்கினேன். அக்கா கண்ணைத் திறந்து, "அம்மா சாப்பிட்டவவோ?" என்று கேட்டார். சாப்பிட்டா என்றேன். அம்மாவின் மருந்துக் குளிசையைக் கொடுத்தேனா என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன். பேச்சு அப்படியே வேறு பக்கம் போனது. அவர் கதையை மாற்றியதால் சொல்ல முடியவில்லை என்று சில காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். குளிசைப் பேச்சுக்குப் பிறகும் அவர் விழித்துத்தான் இருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் தொடரவில்லை. தொடர வேண்டியிராமல் போனதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது. மறுநாள் மத்தியானம் அவர் கண்ணை மூடினார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்து, "உம்மடை தொழிலுக்கு அக்கா நல்ல ஒத்தாசையாம், இனிக் கஷ்டந்தான்" என்றார். அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் தலையாட்டினேன்.

முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யன்னல், வான், செபமாலை எல்லாவற்றையும். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குத் தெரியாததோடா? நானும் இந்த வீட்டிலைதானே இருந்தனான். உனக்கு ஒரு பேர் கிடைக்குதெண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தனான்" என்றார். பிறகு, "அம்பிளிபயர் வைச்சிருக்கிற ஆக்களிட்டைப் போய்ச் சொல்லு" என்றார்.

போனேன். ஒவ்வொருவர் வீட்டிலும் அம்பிளிபயரின் பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே எங்காவது அக்கா தன் பெயரையோ, ஓர் அடையாளத்தையோ வைத்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். எழுதியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும். ஒன்றிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை. சீராக மடித்துக் கட்டிய வயர்களும் ஒரே அளவான ஈயப் பொட்டுகளும்தான் இருந்தன. பின்பலகையின் உட்புறத்தில் அவருடைய பெயரை நான் எழுதினேன்.

வட்டுக்கோட்டை நண்பர் நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அண்டைக்கும் அவதானோ? ஆஸ்பத்திரியிலை இருந்தோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "நீர் போம்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை. அவர் செய்தது சரி. இன்னொருவர், பெயரை மாற்றினால் பிறகு விற்க முடியாது, எழுத வேண்டாம் என்றார். நான் கெஞ்சிக் கேட்டுத்தான் எழுதினேன். பலர் பரவாயில்லை என்றார்கள். அப்படிச் சொன்னவர்களின் வீடுகளிலிருந்து வெளியே வருவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

நீர்வேலிக்குக் கடைசியாகப் போனேன். அந்த வாழைத்தோட்டக்காரர் அப்போதுதான் தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார். அன்று உள்ளே அக்கா செபமாலை சொல்லவில்லை, உங்களுடைய சாமானுக்குத்தான் சுற்று எண்ணிக்கொண்டிருந்தார் என்று சொன்னேன். அவர் வாசித்த பதிவை அக்கா பலமுறை கேட்டதையும் சொன்னேன். அவர் உள்ளே போய் அம்பிளிபயரைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். அதன் மேல் ஒரு தூசி இல்லை. நான் பெயரை எழுதி முடித்து, மை காயும் வரை காத்திருந்தோம்.

"தம்பி, ஒண்டு சொல்லட்டோ?" என்றார் பிறகு. "என்ரை வாசிப்பை என்ரை வீட்டுக்காரரே கேக்கிறேல்லை. அந்த மனுசி அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டெல்லோ இதைச் செய்திருக்கிறா. அவ இருக்கேக்கை நீர் வந்து சொல்லியிருந்தால், இதைத் தூக்கிக்கொண்டு உங்கடை வீட்டை வந்து, அவவுக்கு முன்னாலை இருந்து வாசிச்சுக் காட்டியிருப்பன்."

அறுபது பேர் அக்காவின் அம்பிளிபயரில் வாசித்தார்கள். செய்தவர் இவர் என்று தெரிந்து அவர் முன்னால் இருந்து வாசித்தவர் என்னைத் தவிர யாருமில்லை. அந்த ஒரு சந்தோசத்தை அவருக்குக் கிடைக்காமல் செய்தவன் நான்.

விடுதியில் அக்காவை இரவு பகல் பராமரித்த தாதியருக்கும் வைத்தியர்களுக்கும், கடைசி நேரத்தில் வந்த எங்கள் பங்குச் சுவாமிக்கும், எட்டு வருடமும் பெட்டி அடித்துத் தந்து உண்மை தெரிந்தும் எங்கள் வீட்டு விடயம் என்று மௌனமாக இருந்த தச்சருக்கும், அக்காவுக்குக் கஞ்சி வைத்து மூன்று வேளையும் கொண்டுபோன என் மனைவிக்கும், செத்தவீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் எங்களைப் பார்த்துக்கொண்ட அயலவர்களுக்கும், வெளிநாடுகளிலிருந்து அழைத்து ஆறுதல் சொன்ன உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மா தன் பெயரிலும் இதைச் சொல்லச் சொன்னார்.

இன்னும் பதினேழு அம்பிளிபயர்கள் நான் போக முடியாத இடங்களில் இருக்கின்றன. சில கொழும்பில், சில கடல் கடந்து. இந்த மலர் உறவினர் மூலமாக அவற்றை வைத்திருப்பவர்களின் கைக்கு வந்தால், தயவுசெய்து பின்பலகையைக் கழற்றி, அதன் உட்புறத்தில் இதைச் செய்தவரின் பெயரை எழுதிவிடுங்கள். பெயர் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. எழுதி முடித்ததும் ஒரு பாட்டு வாசியுங்கள்.

தம்பி
குருநகர்